காதால் தேடும் புதையல்

(பெரணமல்லூரில் நெசவாளர்களும் இளைஞர்களும் கூத்துக் கலைஞர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த ஊரையும் சுற்று வட்டாரத்தையும் சேர்ந்த பிள்ளைகள் சிலர், சினிமாவைச் சாராத ஒரு பாட்டுத் தொகுப்பைத் தாங்களே பதிவு செய்து, தாங்களே வெளியிட முடிவெடுத்திருக்கிறார்கள். அதற்குள் ஒரு புதையல் வேட்டையை ஒளித்து வைக்க வேண்டும் என்பது அவர்கள் ஆசை. பாட்டைக் கேட்கிறவர் துப்புகளைக் கண்டுபிடித்து, ஒன்றிலிருந்து ஒன்றாகப் போய், கடைசியில் ஒரு பரிசை அடைய வேண்டும். இதை வேறு யாராவது செய்திருக்கிறார்களா, நம் ஊருக்கு இது பொருந்துமா, சட்டத்தில் ஏதாவது சிக்கல் வருமா என்று என்னிடம் கேட்டார்கள். அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் தேடுகிறவர் காதால் தேடும்படி செய்யுங்கள். பாட்டைக் கூர்ந்து கேட்டால் மட்டுமே அடுத்த படிக்குப் போக முடியும் என்ற நிலை இருக்க வேண்டும். பாட்டை ஓரமாக வைத்துவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஓடும் நிலை வந்தால், உங்கள் உழைப்பு வீணாகிவிடும்.

வெளிநாட்டில் நடந்ததை முதலில் பார்ப்போம். 2013 ஏப்ரலில், தனிக் கடைகளில் இசைத்தட்டு விற்பவர்கள் ஆண்டுதோறும் கொண்டாடும் நாளில், நியூயார்க்கில் ஒரு கடையில் இசைத்தட்டு ஒன்று கிடைத்தது. போட்டுக் கேட்டால் சில நொடிகள் இசை, பிறகு ஒரு குரல் ஆறு எண்களைச் சொல்கிறது. அவ்வளவுதான். அதே மாதிரி இன்னொன்று லண்டனில். மற்ற எண்கள் வானொலியிலும் தொலைக்காட்சி விளம்பரத்திலும் இணையத்திலும் துண்டுதுண்டாக வந்தன. ஆறு ஆறாக ஆறு தொகுதி, மொத்தம் முப்பத்தாறு எண்கள். முகம் தெரியாத ரசிகர்கள் பல நாடுகளிலிருந்து அவற்றை ஒன்றுசேர்த்து, ஒரு பூட்டைத் திறந்தார்கள். திறந்தபோது கிடைத்தது தங்கமும் இல்லை, பணமும் இல்லை. ‘போர்ட்ஸ் ஆஃப் கனடா’ என்ற ஸ்காட்லாந்து இரட்டையரின் புதிய தொகுப்பு பற்றிய அறிவிப்புதான் கிடைத்தது. அந்தத் தொகுப்பு அந்த ஜூன் மாதமே வெளிவந்தது. எட்டு ஆண்டுகளாக அவர்களுடைய புதிய தொகுப்புக்குக் காத்திருந்த ரசிகர்களுக்கு அதுவே பெரிய பரிசு.

அதற்கு முன்பு, 2007-ல், ‘நைன் இன்ச் நெயில்ஸ்’ என்ற அமெரிக்கக் குழு ‘இயர் ஸீரோ’ என்ற தொகுப்புக்காக இதைவிடப் பெரிய வேட்டையை நடத்தியது. லிஸ்பனில் கச்சேரி நடந்த அரங்கின் கழிப்பறையில் ஒரு யு.எஸ்.பி. கிடந்தது. அதில் வெளிவராத பாட்டு. பாட்டின் முடிவில் வரும் இரைச்சலை ஸ்பெக்ட்ரோகிராமில் போட்டுப் பார்த்தால், அதாவது ஒலியின் அதிர்வெண்களைப் படமாகக் காட்டும் மென்பொருளில் திறந்து பார்த்தால், வானத்திலிருந்து இறங்கும் ஒரு கை தெரிந்தது. குறுந்தட்டின் மேல்பரப்பு சூடானால் நிறம் மாறும். மாறிய இடத்தில் ஒரு குறியீடு இருந்தது. ஆனால் அது பெரிய பணபலத்தோடு நடந்த வேலை. உங்களுக்கு அதில் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: சில துப்புகள் பாட்டுக்குள்ளேயே, ஒலிக்குள்ளேயே இருந்தன.

இனி, எங்கே தவறும் என்பதைச் சொல்கிறேன். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

1979-ல் இங்கிலாந்தில் கிட் வில்லியம்ஸ் என்ற ஓவியர் ‘மாஸ்கரேட்’ என்ற படப் புத்தகத்தை வெளியிட்டார். பதினெட்டு கேரட் தங்கத்தில், கற்கள் பதித்து, தன் கையாலேயே ஒரு முயல் செய்து, அதை மண்ணில் புதைத்துவிட்டு, எங்கே புதைத்தேன் என்பதைப் பதினைந்து ஓவியங்களுக்குள் ஒளித்து வைத்தார். ஓவியத்தில் உள்ள உயிர்களின் கண்ணிலிருந்து, நீண்ட விரல் நுனி வழியாக ஒரு கோடு இழுத்தால், அது படத்தின் சட்டத்தில் உள்ள ஓர் எழுத்தைத் தொடும். எழுத்துகளைக் கூட்டினால் இடம் தெரியும். பெட்ஃபோர்ட்ஷயரில் ஆம்ப்டில் பூங்காவில் அரசி கேத்தரின் நினைவாக ஒரு சிலுவைத் தூண் நிற்கிறது. இரவும் பகலும் சமமாக இருக்கும் நாளில், உச்சி வேளையில் அந்தத் தூணின் நிழல் நுனி விழும் இடம்தான் விடை. எவ்வளவு அழகான புதிர்!

நடந்தது என்ன? லட்சக்கணக்கில் புத்தகம் விற்றது. ஜனங்கள் கண்ட கண்ட இடத்தைத் தோண்டினார்கள். அடுத்தவர் தோட்டத்தையும் தோண்டினார்கள். 1982-ல் கென் தாமஸ் என்ற பெயரில் ஒருவர் முயலை எடுத்துவிட்டார். அதே சமயத்தில் இரண்டு இயற்பியல் ஆசிரியர்கள் புதிரை முறைப்படி விடுவித்து, சரியான இடத்தைத் தோண்டியும், மண்ணோடு மண்ணாக இருந்த முயலைக் கவனிக்காமல் விட்டிருந்தார்கள். ஆறு ஆண்டு கழித்து ஒரு செய்தித்தாள் உண்மையை வெளியே கொண்டுவந்தது. ‘கென் தாமஸ்’ என்பது பொய்ப் பெயர். அவர் புதிரை விடுவிக்கவே இல்லை. ஓவியரின் பழைய தோழி மூலம் இடத்தைப் பற்றி ஏறக்குறைய தெரிந்துகொண்டு போயிருக்கிறார். உண்மையாக உழைத்த இரண்டு ஆசிரியர்களுக்கும் முயல் கிடைக்கவில்லை. அந்த அநியாயத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் மனம் ஆறுவதில்லை.

அமெரிக்காவில் ஃபாரஸ்ட் ஃபென் என்பவர் ராக்கி மலைப் பகுதியில் ஒரு பெட்டியை ஒளித்து வைத்து, 2010-ல் இருபத்து நான்கு வரிக் கவிதையில் துப்பு கொடுத்தார். 2020-ல் வயோமிங்கில் அது கண்டெடுக்கப்பட்டது. அதற்குள் ஆற்றிலும் மலையிலும் தேடப் போன ஐந்து பேர் உயிரிழந்தார்கள். பிள்ளைகளே, இந்த ஒரு செய்தியை மட்டும் எக்காலத்திலும் மறக்காதீர்கள். நீங்கள் வைக்கும் ஒரு துப்பு, எங்கோ ஒரு வீட்டுப் பிள்ளையைக் கிணற்றுக்கும் மலை விளிம்புக்கும் அனுப்பக்கூடும்.

சரி, நம் பக்கம் வருவோம். பாட்டுக்குள் ஒளித்து வைப்பது நமக்குப் புதிதா? இசைக்குள் எண்ணை ஒளித்து வைக்கும் வேலையை நம் தஞ்சாவூர் மரபு இருநூறு ஆண்டுக்கு முன்பே செய்து முடித்துவிட்டது.

பதினேழாம் நூற்றாண்டில் தஞ்சை நாயக்கர் அவையில் இருந்த வேங்கடமகி, எழுபத்திரண்டு மேளங்களை, அதாவது தாய் ராகங்களை, ‘சதுர்தண்டி பிரகாசிகை’ என்ற நூலில் வகுத்தார். அதற்குப் பிறகு வந்தவர்கள் அந்த எழுபத்திரண்டுக்கும் சூட்டிய பெயர்களில்தான் ஒரு பூட்டு இருக்கிறது. ‘கடபயாதி’ என்று அதற்குப் பெயர். வடமொழி எழுத்து வரிசையில் ஒவ்வொரு மெய்க்கும் ஓர் எண் உண்டு. ராகத்தின் பெயரில் முதல் இரண்டு எழுத்தின் எண்களை எடுத்துத் திருப்பிப் போட்டால், அது எத்தனையாவது மேளம் என்று தெரிந்துவிடும்.

கையால் கணக்குப் போட்டே பார்ப்போம். நமக்குத் தெரிந்த கல்யாணி ராகத்தை மேள வரிசையில் வைக்கும்போது ‘மேசகல்யாணி’ என்கிறார்கள். முன்னால் ‘மேச’ எதற்கு? ம என்பதற்கு ஐந்து. ச என்பதற்கு ஆறு. ஐம்பத்தாறு. திருப்பிப் போட்டால் அறுபத்தைந்து. கல்யாணி அறுபத்தைந்தாவது மேளம். சங்கராபரணத்துக்கு முன்னால் ‘தீர’ ஏன் வந்தது? அந்த ‘தீ’க்கு ஒன்பது, ரவுக்கு இரண்டு. தொண்ணூற்றிரண்டு; திருப்பினால் இருபத்தொன்பது. குழந்தைகளுக்கு முதல் பாடமாகச் சொல்லித்தரும் மாயாமாளவகௌளையில் ‘மாயா’: ஐந்து, ஒன்று, திருப்பினால் பதினைந்து. அழகுக்காகச் சேர்த்த அடைமொழி போலத் தெரிவதுதான் சாவி.

அதோடு முடியவில்லை. எண் கிடைத்தால் ராகத்தின் சுரங்களே கிடைத்துவிடும். முப்பத்தாறுக்கு மேல் போனால் பிரதி மத்திமம். அறுபத்தைந்திலிருந்து முப்பத்தாறைக் கழியுங்கள், இருபத்தொன்பது வரும். அப்படியானால் கல்யாணியும் சங்கராபரணமும் மத்திமம் ஒன்றைத் தவிர மற்ற எல்லாச் சுரத்திலும் ஒன்றே. பெயரிலிருந்து எண்ணுக்கும், எண்ணிலிருந்து சுரத்துக்கும் வழி போகிறது. ஒரு பெயருக்குள் முழு வரைபடத்தையே வைத்துவிட்டார்கள். உலகத்தில் இவ்வளவு கச்சிதமான புதையல் துப்பை நான் வேறெங்கும் கண்டதில்லை.

முத்துசாமி தீட்சிதர் தம் கிருதிகளில் ராகத்தின் பெயரைச் சாகித்தியத்தின் பொருளோடு கலந்து, தனியே துருத்திக்கொண்டு தெரியாமல் கோத்திருப்பார். கேட்கிறவர் வாக்கியத்தின் அர்த்தத்தைக் கேட்டுக்கொண்டே இருக்கும்போது ராகத்தின் பெயர் கடந்து போகும். சுவராட்சரம் என்று இன்னொரு வித்தை: ‘ச’ என்ற எழுத்து சட்ஜத்திலேயே விழும், ‘ப’ என்ற எழுத்து பஞ்சமத்திலேயே நிற்கும். நம் காலத்தில் இளையராஜா 1985-ல் வந்த ‘சிந்து பைரவி’யில் ஆரோகணத்தை மட்டுமே வைத்து ஒரு முழுப் பாட்டை அமைத்தார். சுரம் ஏறிக்கொண்டே போகும், இறங்கவே இறங்காது. எத்தனை ஆயிரம் பேர் அதை ரசித்தார்கள்! அவர்களில் பாதிப் பேருக்கு அதில் ஒரு வித்தை இருப்பதே தெரியாது. தெரியாதவருக்கும் பாட்டு குறைபடவில்லை, தெரிந்தவருக்கு இரட்டிப்பு இன்பம். உங்கள் வேட்டைக்கும் இதுவே அளவுகோலாக இருக்கட்டும். புதிரைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஒரு பாட்டி கேட்டாலும் உங்கள் பாட்டு நல்ல பாட்டாக இருக்க வேண்டும்.

நம் மாவட்டத்துக்குச் சொந்தமான ஒரு தேடலையும் சொல்லியாக வேண்டும். திருவண்ணாமலை அருணகிரிநாதர் பாடிய திருப்புகழ் ஒரு காலத்தில் ஊர் ஊராக, ஓலை ஓலையாகச் சிதறிக் கிடந்தது. 1871-ல் சிதம்பரம் தீட்சிதர்கள் தங்கள் வழக்கு ஒன்றில் ஒரு திருப்புகழ்ப் பாடலைச் சான்றாகக் காட்டினார்கள். அதைக் கேட்டு உருகிப்போனவர் வ.த. சுப்பிரமணிய பிள்ளை. நீதித்துறையில் வேலை பார்த்த அவர், ஓலைச்சுவடி இருக்கும் இடமெல்லாம் தேடி அலைந்து, பாடம் ஒப்பிட்டு, 1894-ல் முதல் பகுதியை அச்சிட்டார். அவர் மகன் வ.சு. செங்கல்வராய பிள்ளை அந்தப் பணியைத் தொடர்ந்து உரையும் எழுதினார். பதினாறாயிரம் பாட்டு என்று வழங்கும் கணக்கில் நம் கைக்கு வந்தது ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சம்.

அந்தப் பாடல்களின் பழைய மெட்டு தொலைந்துவிட்டது. ஆனால் தாளம் தொலையவில்லை. ஏன்? சந்தம் சொற்களுக்குள்ளேயே பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது. குறிலையும் நெடிலையும் ஒற்றையும் எண்ணிக்கொண்டே போனால் தாளம் தானாக எழுந்து நிற்கும். பக்கத்துக் காஞ்சிபுரத்தில் நயினாப் பிள்ளை அந்தத் தாளங்களை மேடையில் ஏற்றிக் காட்டினார். பாடியவர் போய்ச் சில நூற்றாண்டு ஆன பிறகும், கவனமாகப் படிக்கிறவருக்குப் பாட்டின் எலும்புக்கூடு கிடைக்கிறது என்றால், அதுதான் நல்ல ஒளிப்பு.

கூத்துக்காரர்கள் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இதே மாவட்டத்துப் புரிசையில் கண்ணப்பத் தம்பிரான் காத்து வளர்த்த மரபு கூத்து. இரண்டு பேர் திரை பிடிப்பார்கள். திரைக்குப் பின்னால் இருந்து வேடக்காரர் பாடிக்கொண்டு வருவார். கிரீடத்தின் நுனி தெரியும், கால் சலங்கை கேட்கும், முகம் தெரியாது. வருவது துரியோதனனா கர்ணனா என்று, பாட்டையும் குரலின் மிடுக்கையும் கேட்டே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். காதால் கண்டுபிடிப்பது நம் ஊர் ஜனங்களுக்குப் பழகிய வித்தை. அதனால்தான் இந்த வேட்டை நம் ஊருக்குப் பொருந்துமா என்ற கேள்விக்கு நான் யோசிக்காமல் பொருந்தும் என்கிறேன்.

தறிக்கும் இதற்கும் உள்ள உறவைச் சொல்லாமல் இந்த ஊரில் நான் மேடையிலிருந்து இறங்கக் கூடாது. ஜக்கார்டு பெட்டியின் மேலே மாலையாகத் தொங்கும் அட்டைகளைத் தினமும் பார்க்கிறோம். ஓர் அட்டைக்கு ஓர் ஊடை. துளை இருந்தால் கொக்கி எழும்பிப் பாவு இழை மேலே போகும். துளை இல்லாவிட்டால் இழை கீழேயே கிடக்கும். அட்டையை மட்டும் கையில் கொடுத்து, இதில் மயில் இருக்கிறதா மாங்காய் இருக்கிறதா என்று கேட்டால் வெளியாளுக்கு ஒன்றும் புரியாது. தறியில் ஏறினால்தான் மயில் வரும். பிரான்ஸில் லியோன் நகரத்து ஜக்கார்டு 1804-ல் கொண்டுவந்த இந்த அட்டை முறையைத்தான் பின்னால் இசைக்காரர்களும் எடுத்துக்கொண்டார்கள். ஐரோப்பியத் தெருக்களில் வாசித்த பெரிய ஆர்கன்களுக்குத் துளையிட்ட அட்டைகளை மடித்து மடித்துப் புத்தகமாகக் கொடுப்பார்கள். தானாக வாசிக்கும் பியானோவுக்குத் துளையிட்ட காகிதச் சுருள். ஒரு துளை, ஒரு சுரம். ஆரணிப் பட்டை நெய்கிற வட்டாரத்தில் பிறந்த பிள்ளை, பாட்டுக்குள் ஒரு கோலத்தை ஒளிக்க நினைப்பதில் எனக்கு எந்த ஆச்சரியமும் இல்லை.

இனி வேலைக்கு வருவோம். எதை எங்கே ஒளிப்பது?

ஸ்பெக்ட்ரோகிராமில் படம் ஒளிப்பதுதான் இன்றைய பிள்ளைகளுக்கு முதலில் தோன்றுவது. ஏபெக்ஸ் ட்வின் என்ற இங்கிலாந்துக் கலைஞர் 1999-லேயே ஒரு பாட்டின் கடைசியில் தன் முகத்தை அப்படி வைத்தார். செய்யலாம். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். காதுக்கு உறுத்தக் கூடாது என்று மிக உயர்ந்த அதிர்வெண்ணில் வைத்தால், பாட்டைச் சுருக்கி 128 கிலோபிட் எம்பி3 ஆக்கும்போது பொதுவாகப் பதினாறு கிலோஹெர்ட்சுக்கு மேல் உள்ளதெல்லாம் வெட்டுப்பட்டுப் போகும். வாட்ஸ்அப்பில் பாட்டு வாங்கியவருக்குத் துப்பே இருக்காது. காசு கொடுத்து உயர்தரத்தில் வாங்கியவருக்கு மட்டும் கிடைக்கும் துப்பு நியாயமானதல்ல. அதைவிட முக்கியமான குறை, அதைக் கண்ணால்தான் பார்க்க முடியும். அலங்காரமாக ஒன்று வையுங்கள், வேட்டையை அதன் மேல் கட்டாதீர்கள்.

நான் சொல்லும் வழி இது. ஆறு பாட்டை ஆறு மேளகர்த்தா ராகத்தில் அமையுங்கள். ராகத்தின் பெயரை எங்கும் அச்சிடாதீர்கள். கேட்கிறவர் ராகத்தைக் கண்டுபிடித்து, அதன் மேள எண்ணை எடுத்து, உறையில் அச்சாகியிருக்கும் பாட்டு வரிகளில் அத்தனையாவது எழுத்தை எடுக்க வேண்டும். மாயாமாளவகௌளை என்றால் பதினைந்தாவது எழுத்து. ஆறு பாட்டுக்கு ஆறு எழுத்து, அது ஒரு சொல்லாகும். ராகம் தெரியாதவர் என்ன செய்வார்? கோவில் நாதஸ்வரக்காரரிடம் போவார், பள்ளிக்கூடப் பாட்டு டீச்சரிடம் போவார். “அய்யா, இது என்ன ராகம்?” என்று கேட்பார். அந்தக் கேள்வி ஒன்று போதும், உங்கள் தொகுப்பு வெற்றி பெற்றுவிட்டது என்பேன்.

எச்சரிக்கை ஒன்று. இதில் மோகனத்தை வைத்துவிடாதீர்கள். மோகனத்தை ஹரிகாம்போதியின் ஜன்யமாக, அதாவது அதிலிருந்து பிறந்த ராகமாக, இருபத்தெட்டில் வைப்பது வழக்கம். ஆனால் அதன் ஐந்து சுரங்களும் சங்கராபரணத்திலும் இருக்கின்றன, கல்யாணியிலும் இருக்கின்றன. ஒருவர் இருபத்தெட்டு என்பார், ஒருவர் இருபத்தொன்பது என்பார், இரண்டு பேரும் சரி என்று சண்டை வரும். ஒரு துப்புக்கு ஒரே விடைதான் இருக்க வேண்டும். வெளியிடும் முன் மூன்று நான்கு பேரிடம் கொடுத்துச் சோதியுங்கள். சங்கீதம் படித்தவர் ஒருவர், கூத்துக்காரர் ஒருவர், இரண்டுமே தெரியாத கல்லூரிப் பிள்ளை ஒருவர். யாருக்கு எங்கே தட்டுகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

சட்டத்தைப் பற்றிக் கேட்டீர்கள். 1878-ம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. மண்ணில் மறைந்து கிடக்கும் எந்தப் பொருளும், பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பிருந்தால், கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்கிறது அது. உங்கள் பரிசைப் புதைத்து வைத்தால், கண்டுபிடித்த பிள்ளையை நீங்களே வம்பில் மாட்டிவிடுவீர்கள். அதைவிடப் பெரிய காரணம் எனக்கு இருக்கிறது. சீயமங்கலத்திலும் மாமண்டூரிலும் மகேந்திரவர்மன் குடைந்த குகைகள் நம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. செங்கம் பக்கமெல்லாம் நடுகற்கள். புதையல் ஆசையில் கடப்பாரை பட்டு உடைந்த பழைய கல்லும் சிலையும் நம் நாட்டில் ஏற்கெனவே கணக்கில்லாமல் இருக்கின்றன. அந்தப் பேராசைக்கு நம் பாட்டு ஒரு துளியும் எண்ணெய் ஊற்றக் கூடாது. கோவில், குகை, மலை, ஏரி, கிணறு, அடுத்தவர் நிலம் இவற்றில் எதுவும் வேண்டாம். கடைசிப் படி ஒரு நூலகத்திலோ, தறி ஓடும் வீட்டுத் திண்ணையிலோ, பகல் வெளிச்சத்தில் முடியட்டும்.

இன்னொரு சட்டம், 1955-ம் ஆண்டின் பரிசுப் போட்டிகள் சட்டம். குறுக்கெழுத்துப் போட்டி என்ற பெயரில் கட்டணம் வாங்கி நடந்த சூதாட்டத்தைக் கட்டுப்படுத்த வந்தது. 1957-ல் சமர்பாக்வாலா வழக்கில் உச்ச நீதிமன்றம், திறமையால் வெல்லும் போட்டிகளுக்கு அது பொருந்தாது, அதிர்ஷ்டத்தால் வெல்லும் போட்டிகளுக்கே பொருந்தும் என்று தெளிவாக்கியது. ஆகவே குலுக்கல் வேண்டாம். நுழைவுக் கட்டணமும் வேண்டாம். முதலில் சரியாக விடுவித்தவருக்குப் பரிசு என்று வையுங்கள். தொடங்கும் முன் ஒரு வழக்கறிஞரிடம் விதிகளைக் காட்டிவிடுங்கள். முழு விடையை எழுதி, உறையில் மூடி, ஊரே நம்பும் ஒரு பெரியவரிடம் கொடுத்து வையுங்கள். உங்கள் வீட்டாரும் நண்பர்களும் கலந்துகொள்ளக் கூடாது என்று அச்சிடுங்கள். முடிவு தேதி ஒன்று இருக்கட்டும், அன்று விடையை எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். அந்த இரண்டு இயற்பியல் ஆசிரியர்களுக்கு நடந்தது இங்கே யாருக்கும் நடக்கக் கூடாது.

பரிசு என்ன? என் மனதில் ஓர் எண்ணம் இருக்கிறது. தொகுப்பில் எட்டுப் பாட்டு இருந்தால், ஒன்பதாவது பாட்டு ஒன்றைப் பதிவு செய்யாமல் வைத்திருங்கள். அதன் மெட்டை ஒரு பட்டுத் துண்டின் கரையில் நெய்து கொடுங்கள். ஏழு சுரத்துக்கு ஏழு புட்டா. ஆதி தாளத்துக்கு எட்டு எண்ணிக்கை, நான்கு ஆவர்த்தனம், ஆக முப்பத்திரண்டு புட்டா வரிசையாக வரும். ஒரு புட்டாவுக்கு நாற்பது ஊடை என்று வைத்துக்கொண்டால் 1,280 அட்டை கோக்க வேண்டும். நெசவாளர் அண்ணன்மார்கள் இப்போதே புருவத்தை உயர்த்துகிறார்கள், தெரிகிறது. வழக்கமான கரைக்கு ஒரே புட்டா திரும்பத் திரும்ப வரும், அட்டை குறைவு. இதில் வரிசை மாறிக்கொண்டே போகும், வேலை அதிகம். கணினி ஜக்கார்டு இருக்கும் இடத்தில் அட்டையே இல்லாமல் செய்யலாம். ஆனாலும் கைத்தறியில் செய்தால் அதற்குத் தனி மதிப்பு. அதற்குரிய கூலியைப் பேசி, முதலிலேயே கொடுத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். வென்றவர் அந்தத் துணியோடு வரட்டும். கரையைப் படித்து, கூத்து மேடையில் ஊர் முன்னால் அந்தப் பாட்டைப் பாடுங்கள்.

கடைசியாக, இதை நீங்கள் மறக்கவே கூடாது. யார் பாடினார்கள், யார் முகவீணை வாசித்தார்கள், யார் மிருதங்கம், யார் அட்டை கோத்தார்கள் என்ற எல்லாப் பெயரும் உறையில் இருக்க வேண்டும். வேட்டையில் எதை வேண்டுமானாலும் ஒளியுங்கள், உழைத்தவர் பெயரை ஒளிக்காதீர்கள். 2021-ல் உலகம் முழுக்கக் கோடிக்கணக்கானோர் கேட்ட ‘எஞ்சாயி எஞ்சாமி’ பாட்டிலிருந்து தங்களுக்கு வருமானம் வந்து சேரவில்லை என்று அதன் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் 2024-ல் வெளிப்படையாகவே சொன்னார். அவ்வளவு புகழ் பெற்ற பாட்டுக்கே அந்த நிலை என்றால், கையெழுத்து இல்லாமல் வாய்ப்பேச்சில் பாடிவிட்டுப் போகும் கூத்துக் கலைஞருக்கு என்ன மிஞ்சும்? 2012-ல் திருத்திய பதிப்புரிமைச் சட்டம் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில் விட்டுக்கொடுக்க முடியாத பங்கைத் தந்திருக்கிறது. வாசிப்பவர்களுக்கும் பாடுபவர்களுக்கும் எவ்வளவு என்பதை நீங்களே ஒரு தாளில் எழுதி, தமிழில், அவர்கள் படித்துப் பார்த்துக் கையெழுத்திடும்படி செய்யுங்கள். பதிவுக் கூடத்துக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் அந்தத் தாள் தயாராக இருக்கட்டும்.

நெசவாளப் பெருமக்களை நான் கேட்டுக்கொள்வது, இந்தப் பிள்ளைகள் கரை டிசைனைத் தூக்கிக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வந்தால் திண்ணையில் உட்கார வைத்துப் பேசுங்கள். கூத்துக் கலைஞர்களைக் கேட்டுக்கொள்வது, உங்கள் திரைப் பாட்டில் ஒன்றையாவது அவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள். தம்பி தங்கைகளே, முதல் பாட்டின் ராகத்தை இந்த வாரமே முடிவு செய்யுங்கள்.